முன்கூட்டி வந்த ஏழு அட்டைகள்

கரட்டுமேட்டுப் பால் சொசைட்டியில் பால் அளக்கிற துளசிமணியின் மகள் இந்துஜா, ஒரு செமஸ்டர் படிப்பதற்காக எஸ்டோனியா என்கிற தேசத்துக்கு விமானம் ஏறுவதற்கு இன்னும் முப்பது நாள் இருக்கும்போது, அங்கே நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவள் எழுதிய முதல் அட்டை ஊருக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலைப் பால் எடுத்து முடிந்து, கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துளசிமணி முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தபோது, தபால்காரர் சிவராசு வண்டியை அணைக்காமலே காலை ஊன்றி நின்று அட்டையை நீட்டினார். ஒரு பக்கம் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் ஊசி மாதிரி ஒரு கோபுரமும்; மறுபக்கம் கோழி கிளறின மாதிரி இந்துஜாவின் கையெழுத்து. 'அம்மா, வந்து சேர்ந்தேன். ஊறுகாய் பாட்டில் பெட்டிக்குள்ளேயே உடைந்து நல்ல சுடிதார் ரெண்டும் ஒரே எண்ணெய். இங்கே கதவு தானே பூட்டிக்கொள்கிறது, முதல் நாளே சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே நின்றேன். மற்றபடி நலம்.' முத்திரையில் செப்டம்பர் ஆறு என்று குத்தியிருந்தது.

"இன்னிக்கு ஜூலை இருவத்தொம்பதுங்களே?" என்றாள் துளசிமணி.

"நானும் பாத்தனுங்க," என்றார் சிவராசு. "இருவத்திரண்டு வருசமா எத்தன தபால லேட்டாக் குடுத்திருக்கேன்? மூணு வருசம் கழிச்சு வந்த கலியாணப் பத்திரிகையக் கூடக் குடுத்திருக்கேன், அந்தப் புள்ளைக்குக் கொழந்தையே பொறந்திருச்சு. ஏன் லேட்டுன்னு ஒருத்தர் கேட்டதில்ல. ஒண்ணு முன்னால வந்தா மட்டும் எதுக்குங்க கேக்கோணும்?"

துளசிமணிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவர் போனதும் அட்டையை இன்னொரு தடவை படித்தாள். சாயங்காலத்துக்குள் அதைக் கரட்டுமேடே படித்துவிட்டது, ஏனென்றால் பால் ஊற்ற வராத வீடு அந்த ஊரில் கிடையாது, வந்தவர்கள் வரிசையில் நிற்கிற நேரத்தில் கையில் கிடைத்ததைப் படிக்காமல் இருந்ததும் கிடையாது. இன்னும் எழுதாத கடிதம் எப்படி வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஊராருக்கு நம்ப முடியாமல் போனது வேறொரு விஷயம்: பரீட்சைத் தாளிலேயே அடிஷனல் ஷீட் வாங்காத இந்துஜா, ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள் என்பது.

"இவளாவது எழுதறதாவது," என்றாள் பக்கத்து வீட்டு ருக்குமணி, அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடி. எஸ்டோனியா என்பது வால்பாறைக்கு மேலே இருக்கிற ஏதோ எஸ்டேட் என்று அவள் பத்து நாளாக நினைத்திருந்தவள். "ஆரோ இவ கையெழுத்தப் போட்டு ஏமாத்தறாங்க, துளசி."

இந்துஜாவிடம் காட்டப் போனபோது அவள் பார்க்கவே மறுத்துவிட்டாள். கட்டிலில் குப்புறப் படுத்து, அங்கே எத்தனை டிகிரி குளிர் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தவள், தலையணையில் முகத்தைப் புதைத்தாள். "நான் எழுதினதை நானே எதுக்கும்மா படிக்கோணும்? இப்பவே படிச்சுட்டா அங்க போயி என்னத்தப் புதுசா எழுதறது? காப்பியா அடிக்க முடியும்?"

அந்தப் பேச்சிலும் நியாயம் இருந்தது. வீட்டில் மற்ற எல்லாவற்றிலும் சோம்பல்படுகிற இந்துஜா, நியாயம் பேசுவதில் மட்டும் சோம்பல்படுவதே இல்லை.

துளசிமணி அட்டையை சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, அன்றைக்கே ஊறுகாயைப் பாட்டிலிலிருந்து எடுத்து மூன்று பிளாஸ்டிக் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டி, எவர்சில்வர் தூக்குப்போசியில் இறக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள். மறுநாள் காலையில் அட்டையை எடுத்துப் பார்த்தால், ஊறுகாய் பற்றி எழுதியிருந்த வரியைக் காணோம். அந்த இடம் இளமஞ்சளாக, பஜ்ஜி வைத்து எடுத்த காகிதம் மாதிரி, லேசாக எண்ணெய் கசிந்து காய்ந்து கிடந்தது. சாவி வரி அப்படியே இருந்தது. அதற்கு துளசிமணி சாவியில் ஒரு சிவப்புக் கயிறு கோத்து மகள் கழுத்தில் மாட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தாள், ஆனால் எந்தச் சாவி என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டோ மூன்றோ வந்தபடி இருந்தன. இரண்டாவது அட்டையில், வேண்டவே வேண்டாம் என்று இந்துஜா வீட்டில் சண்டை போட்டு எடுத்து வெளியே வைத்திருந்த இட்லிப் பொடி, பத்தே நாளில் தீர்ந்துவிட்டதாக எழுதியிருந்தது. துளசிமணி அரைக் கிலோ கூட அரைத்தாள். மூன்றாவது அட்டை கம்பளி உள்பனியனைப் பற்றியது. கோயம்புத்தூரில் வாங்கியது அங்கே கைக்குட்டைக்குச் சமம் என்று எழுதியிருந்ததால், தென்னைநார் மில்லில் மெக்கானிக்காக இருக்கிற அப்பா நாச்சிமுத்து, ஒரு நாள் லீவு போட்டுத் திருப்பூர் போய், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவரிடமே கேட்டு நல்லதாக நாலு வாங்கி வந்தார். மறுநாள் அந்த வரியும் போய்விட்டது. இப்படி மகள் அங்கே படப்போகிற பாட்டை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துவிட முடிகிறது என்று கண்டபிறகு, துளசிமணிக்கு மூட்டை கட்டுவது பெட்டி அடுக்குகிற வேலையாகத் தெரியவில்லை; வைத்தியம் பார்க்கிற வேலை மாதிரி ஆகிவிட்டது.

இதற்குள் ருக்குமணிக்கு ஒரு மனவருத்தம் வந்திருந்தது. மூன்று அட்டையிலும் தன் பேரே இல்லை. தூக்கி வளர்த்த புள்ளை, பால்பல் விழுந்தபோது ஓட்டு மேலே எறிந்ததே தான்தான், ஒரு விசாரிப்புக்கூட இல்லை என்று பால் வரிசையில் நாலு பேரிடம் சொல்லி, ஐந்தாவது ஆளிடம் சொல்லாமலே அழுதாள். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்காரர் சபரிமலைக்குப் போட்டுப் போன குரங்குக் குல்லாவைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து பெட்டியில் திணித்துவிட்டுப் போனாள்.

விடிந்து பார்த்தால் மூன்றாவது அட்டையின் ஓரத்தில், குறுக்காக, புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: 'ருக்குமணியக்கா குடுத்த குல்லா காதில் கடிக்கிறது.'

"கடிக்குதாமா!" என்று ருக்குமணி அதை ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு போனாள். "பாத்தீங்களா, கடிக்குதாம்!"

அவ்வளவுதான். கரட்டுமேடே கிளம்பிவிட்டது. அரிசி மில்காரர் வறுத்த அவல் கொண்டுவந்தார், பள்ளிக்கூட வாத்தியார் அகராதி கொண்டுவந்தார், மாரியம்மன் கோயில் பூசாரி வருஷம் முழுக்கப் போதுகிற திருநீறு கொண்டுவந்தார், ஆடு மேய்க்கிற பொன்னாத்தாள் மட்டும் என்ன கொண்டுவருவது என்று தெரியாமல் நல்லதாக ஒரு வேப்பங்குச்சிக் கட்டு கொண்டுவந்தாள், ஒவ்வொருவரும் மறுநாள் விடியுமுன் வந்து தங்கள் வரி முளைத்திருக்கிறதா என்று பார்த்துப் போனார்கள். முளைக்காமல் இருக்கவில்லை. அகராதி தலைக்கு வைத்துத் தூங்க உயரமாக இருக்கிறது என்று ஒரு வரி, திருநீற்றை என்ன பொடி என்று விமான நிலையத்தில் கேட்டார்கள் என்று ஒரு வரி. அட்டைகளில் எழுத்து சிறுத்துச் சிறுத்து, தபால் தலையைச் சுற்றி எறும்பு வரிசை மாதிரி போய், படத்தின் மேலேயே ஏறி, அந்த ஊசிக்கோபுரத்தின் உச்சிவரை போய்விட்டது.

பெட்டியை சொசைட்டிக்குக் கொண்டுபோய், மாட்டுத்தீவன மூட்டை நிறுக்கிற தராசில் தொங்கவிட்டார் நாச்சிமுத்து. நாற்பத்தொரு கிலோ. விமானத்தில் அனுமதி இருபத்துமூன்று. எதை எடுப்பது? ஒன்றை எடுத்தால் மறுநாளே அட்டையில் அந்த ஆளின் வரி மறைந்துவிடும், அவர் அன்றைக்குப் பால் ஊற்ற வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாச்சிமுத்து அகராதியை எடுத்து வெளியே வைத்தார், வாத்தியார் தெருவில் வருவதைப் பார்த்ததும் மறுபடி உள்ளே வைத்தார்.

"நான் போறதா, இல்ல இந்த ஊரு போகுதா?" என்று கேட்டாள் இந்துஜா.

ஏழாவது அட்டை வந்த அன்றைக்கு சிவராசு வண்டியை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, இறங்கி வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு உடனே போகவும் இல்லை. தேதி நவம்பர் இருபத்தைந்து. எழுத்து கோழி கிளறவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, மெதுவாக எழுதியிருந்தது.

'அம்மா, மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. நாலு நாளாக இங்கே யாரிடமும் பேசவில்லை. யாரும் என்னிடமும் பேசவில்லை. எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. நீ என்னை அனுப்பாமல் இருந்திருக்கலாம்.'

துளசிமணி அதை நாலாக மடிக்கப் பார்த்தாள். தடித்த அட்டை, மடியவில்லை. ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போய், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அட்டை என்பது உறை போடாத கடிதம். உடுமலை தபால் ஆபீசில் பையிலிருந்து கொட்டிப் பிரித்தவர் படித்து, சிவராசு படித்து, வழியில் அவர் டீ குடித்த கடையில் இரண்டு பேர் படித்து, அவள் கைக்கு வருமுன்பே கரட்டுமேட்டுக்குத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலம் பால் வரிசையில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள். அதிலேயே துளசிமணிக்குப் புரிந்துபோயிற்று.

பிறகு நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. ஒவ்வொருவராக வந்து, பெட்டியில் வைத்த தங்கள் சாமானை எடுத்துக்கொண்டு, வேறு ஏதோ ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். அரிசி மில்காரர் தன் பேத்தி கட்டிப்பிடித்துத் தூங்குகிற துணிக் கரடியை வைத்தார். பூசாரி மேட்டுக்கடை மைக்செட்காரரிடம் சொல்லி ஊர்ச் சத்தம் முழுவதையும், குருவி, பம்புசெட்டு, மில் சங்கு எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் பிடித்து வைத்தார். ருக்குமணி குல்லாவைத் திரும்ப எடுத்து அதற்கு உள்ளே மெத்தென்ற பழைய வேட்டித்துணி வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாள். துளசிமணி தினமும் விடிந்ததும் பீரோவைத் திறந்து பார்த்தாள். ஒரு எழுத்துகூட மங்கவில்லை. அவள் தன் பங்குக்கு மகளுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் பார்த்தாள், பிடிக்காததையும் வைத்துப் பார்த்தாள். முதல் நாள் போலவே கருகருவென்று நின்றது அந்த எழுத்து. அதைவிட மோசம், அதற்குப் பிறகு அட்டையே வரவில்லை. எட்டு நாள் சிவராசு அந்தத் தெருவைக் கடக்கும்போது ஹாரன் அடிக்காமல் போனார்.

"அனுப்ப வேண்டாமுங்க," என்றாள் துளசிமணி நாச்சிமுத்துவிடம். "ஏதாவது சொல்லி நிறுத்திப்போடலாம். எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லுங்க."

நாச்சிமுத்து பெட்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "அவளக் கேட்டியா?"

"அவதான் படிக்க மாட்டேங்கறாளே."

"அப்ப நீ படிச்சுக் காட்டு. எழுதுனவளுக்குத் தெரியாம நாம முடிவு பண்ணுனா நல்லா இருக்குமா?"

மத்தியானம், கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, துளசிமணி அட்டையைக் கொண்டுபோய் மகளின் மடியில் போட்டாள். இந்துஜா மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"என் எழுத்துதான்," என்றாள்.

"ம்."

"போக வேண்டாங்கறியா?"

"நான் எங்க சொன்னேன்? நீதான் சொல்லியிருக்கற."

இந்துஜாவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. அட்டையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தாள். பனி மூடின ஒரு தெரு, ஆள் யாரும் இல்லை. "அம்மா, மொத வருசம் காலேஜ் ஹாஸ்டல் போனேன் பாரு. கோயம்புத்தூருக்கு. அப்பவும் இப்படித்தான். ரெண்டு வாரம் ஒருத்திகூடப் பேசல. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுவேன்."

துளசிமணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "நீ சொல்லவே இல்லையே கண்ணு. தினமும் போன் பண்ணி, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னுதான சொன்ன?"

"போன்ல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க."

"அறுவது கிலோமீட்டரு. பஸ்ஸேறி ஓடி வந்திருப்பனே."

"அதனாலதான் சொல்லல." அவள் அட்டையின் ஓரத்தை விரலால் நீவினாள். "இந்தத் தடவ சொல்லியிருக்கேன் பாரு. அத்தனை தூரம் போயும் உங்கிட்ட சொல்லணும்னு தோணியிருக்கு. என்னாலயே நம்ப முடியல."

வெளியே யாரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சத்தம் கேட்டது.

"அதுக்கப்புறம் ஒண்ணும் வரலையே," என்றாள் துளசிமணி கடைசியில். அவளை எட்டு நாளாகத் தின்றுகொண்டிருந்தது அதுதான். "ஏன் வரல? என்ன ஆச்சு உனக்கு?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? நான் இன்னும் போகவே இல்ல." பிறகு, தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, "போனாத்தான் தெரியும்," என்றாள்.

எழுந்து, பெட்டியைத் தரையில் கவிழ்த்துக் கொட்டி, தானே உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்தாள். அப்படி அவள் ஒரு வேலையை யாரும் சொல்லாமல் செய்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை என்பதால், துளசிமணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தராசில் போட்டபோது இருபத்திரண்டரைக் கிலோ வந்தது. கரடியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மில்காரரின் பேத்தி அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து இந்துஜாவைத் தாட்டிவிட்டார்கள். வழியனுப்ப, கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு இரண்டு வேன் போயிற்று. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனபிறகு அவள் திரும்பிக் கையாட்டினாள், ருக்குமணி அது தனக்கு என்றாள், பூசாரி தனக்கு என்றார், வேன் உடுமலை தாண்டுகிறவரை அந்த வழக்கு தீரவில்லை.

வரவேண்டிய கடிதமெல்லாம் வந்து முடிந்துவிட்டதால், செப்டம்பரிலும் அக்டோபரிலும் கரட்டுமேட்டுக்கு எஸ்டோனியாவிலிருந்து ஒரு தபாலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்துஜா போனில் பேசினாள். நல்லா இருக்கேன் என்றாள். சரி கண்ணு என்றாள் துளசிமணி. யாராவது, புள்ள எப்படி இருக்கா என்று கேட்டால், தேதியைப் பார்த்து, பழைய அட்டைகளில் அந்த வாரத்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

நவம்பர் இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலப் பால் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டது. மாடு வற்றிப்போனவர்களும் வெறும் போசியோடு வந்து வரிசையில் நின்றார்கள். அளந்து முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தீவன மூட்டைமேல் இரண்டு பேர், வாசற்படியில் நாலு பேர், சிவராசு டூட்டி முடிந்து சட்டை மாற்றி வந்து தராசுக்கம்பத்தில் சாய்ந்து நின்றார். நாச்சிமுத்து மில்லிலிருந்து நேராக வந்திருந்தார், தலையெல்லாம் நார்த்தூசி. ஆறரை மணிக்குத் துளசிமணி போனை எடுத்தாள். அங்கே மூன்று மணி. எழுதுவதற்கு முன் கூப்பிடலாமா, எழுதவிட்டுக் கூப்பிடுவதா என்று பத்து நாளாக யோசித்து அவளுக்கு முடிவே வரவில்லை. விரல் தானாக அமுக்கிவிட்டது.

இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்தாள் இந்துஜா. "நல்லா இருக்கேம்மா."

"தெரியும் கண்ணு. கார்டு எழுதிட்டியா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "எழுதிட்டு இருக்கேன். எழுதவே வேண்டாம், வேற ஏதாவது எழுதுவோம்னு உக்காந்தேன். உக்காந்தா அதேதான் வருது."

"வந்தா எழுது. நான் வெக்கல, லைன்லயே இருக்கேன்."

பேனா நகர்கிற சத்தம் கேட்டது. சொசைட்டியில் ஒருவரும் இருமவில்லை. நாலு வரிக்கு அவ்வளவு நேரம் எடுக்கும் என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது. பிறகு நாற்காலி இழுபட்டது, ஜிப் ஏறியது, ஒரு கதவு தானே பூட்டிக்கொண்டது. "தபால் பெட்டி தெருமுனையில இருக்கு," என்றாள் இந்துஜா. "போட்டுட்டு வந்தர்றேன். இங்க இருட்டிக்கிட்டு வருது."

"நட. நானும் வர்றேன்."

காய்ந்த சோளத்தட்டை மிதிக்கிற மாதிரி நறுக் நறுக்கென்று பனியில் காலடி கேட்டது. துளசிமணி தன்னை அறியாமல் இங்கே இரண்டு எட்டு நடந்து, கேன் தடுக்கி நின்றாள். காலடி நின்றது. தகரத்துக்குள் அட்டை விழுகிற சத்தம், மெலிசாக, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"போட்டாச்சு," என்றாள் இந்துஜா. "அவ்ளோதாம்மா."

அப்போது அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, வேறு யாரோ ஒரு பெண் ஏதோ கேட்கிறது காதில் விழுந்தது. அந்தப் பாஷை சொசைட்டியில் ஒருவருக்கும் புரியவில்லை. இந்துஜா தடுமாறி இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். அந்தப் பெண் சிரித்தாள். இந்துஜா மறுபடி ஏதோ சொன்னாள், இந்தத் தடவை நீளமாக, கோழி கிளறுகிற வேகத்தில்.

"அம்மா, இங்க ஒரு பொண்ணு, என் மாடிக்குக் கீழ் வீடாம், ஸ்டாம்ப் இருக்கான்னு கேக்கறா, எங்கிட்ட ஒண்ணு மிச்சம் இருக்கு, அவளும் அவ அம்மாவுக்குத்தான்... இரு, காப்பி குடிக்கக் கூப்பிடறா... நான் அப்புறம் பேசறேம்மா." போன் பட்டென்று நின்றது.

துளசிமணி செத்துப்போன போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் இருபது முப்பது முகம் அவளையே பார்த்தது. ருக்குமணிக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னாச்சு துளசி? என்ன சொன்னா?"

"வெச்சுட்டாக்கா," என்றாள் துளசிமணி. அவள் முகம் பூராவும் சிரிப்பு. "என்னோட பேச நேரமில்லையாம், வெச்சுட்டா."